‘ஓம்’ என்றால் என்ன பொருள்?

அன்பின் ஐயாவுக்கு,

உப்புவெளியில் ஒரு விடுதியின் வரவேற்புப் பகுதியில் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். போன மாதம் பன்னிரண்டு விருந்தினர்கள் திமிங்கிலம் பார்க்க அதிகாலையில் படகில் போக இருந்தார்கள். அவர்களுக்குக் காலைச் சாப்பாட்டைப் பார்சலாகக் கட்டும்படி முதல் நாள் இரவு எட்டு மணியளவில் சமையலறைக்குத் தொலைபேசியில் சொன்னேன். தலைமைச் சமையல்காரர் “ஓம்” என்றார். வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன், எல்லோரும் பார்த்ததற்கு நீல அடையாளமும் விழுந்தது. விடிய ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தால் அடுப்பே மூட்டவில்லை. முகாமையாளர் சிங்களவர், நல்ல மனிதர்தான். ஆனால் அன்று எல்லோர் முன்னிலையிலும், “உனக்குத் தொடர்பாடல் போதாது, ஆங்கில வகுப்புக்குப் போ” என்று சொல்லிவிட்டார். வாயாலும் சொன்னேன், எழுதியும் போட்டேன். இதற்கு மேல் என்னதான் செய்வது? வகுப்பில் சேரட்டுமா? நான் குழுவில் போட்ட செய்தியைக் கீழே தருகிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்பின் சகோதரிக்கு,

வகுப்பில் சேருங்கள். ஆங்கிலம் பேசத் தெரிந்த விடுதி ஊழியருக்குத் திருகோணமலையில் மட்டுமல்ல, மாலைதீவிலும் வேலை இருக்கிறது. ஆனால் அந்தப் பன்னிரண்டு பார்சல்களுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீங்களும் தமிழ், சமையல்காரரும் தமிழ். பேசியது தமிழில், தவறியதும் தமிழில்தான்.

நம் ஊர் ‘ஓம்’ இலேசுப்பட்டதல்ல. ‘கேட்கிறது, சொல்’ என்பதற்கும் ஓம். ‘விளங்கிவிட்டது’ என்பதற்கும் ஓம். ‘செய்கிறேன்’ என்பதற்கும் ஓம். ‘கை வேலையாக இருக்கிறேன், தொலைபேசியை வை’ என்பதற்கும் அதே ஓம்தான், கொஞ்சம் அழுத்தி. உங்கள் முகாமையாளர் சிங்களத்தில் ‘சரி’ என்பதற்குச் சொல்லும் ‘ஹரி’யும் இதே குடும்பம்தான். இரவு எட்டு மணிக்கு ஒரு விடுதிச் சமையலறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் எண்ணெய் பொரிகிறது, மறுபக்கம் கொத்துரொட்டித் தகடு இடிபடுகிறது, மேசைக்காரப் பையன் வாசலில் நின்று கத்துகிறான். அந்தச் சத்தத்துக்குள் கிடைத்த ‘ஓம்’ இவற்றில் எது என்று நினைக்கிறீர்கள்? நான் நாலாவதில் பணம் கட்டுவேன்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு உட்துறைமுக வீதியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். மேசைக்கு மேலே ஒரு தட்டில், கப்பல்களோடு பேசும் வி.எச்.எஃப். வானொலிக் கருவி நாள் முழுக்கக் கரகரத்துக்கொண்டிருக்கும். சீனக்குடாவுக்குக் கோதுமை கொண்டு வரும் கப்பலில் பேசுபவர் ஒரு நாட்டுக்காரர், கரையில் பேசுபவர் நம்மவர், இருவருக்குமே ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் காரியம் பிசகாது. ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்வார், அது சரி என்று முதலாமவர் சொன்ன பிறகுதான் அடுத்த பேச்சு. வாய்ப்பாடு ஒப்புவிக்கும் சிறுவர்களைப் போல இருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பு வரும்.

பல ஆண்டுகளுக்குப் பிறகுதான், இதற்கென்றே சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001 இல் ஏற்றுக்கொண்ட நியமச் சொற்றொடர்களைப் படித்தேன். சொல்லப் போவது கேள்வியா, கட்டளையா, வேண்டுகோளா, எச்சரிக்கையா என்பதை முதல் சொல்லிலேயே அறிவித்துவிட அதில் வழி இருக்கிறது. எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். நூற்றைம்பது கிடையாது, ஒன்று, ஐந்து, பூச்சியம். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. மே, மைட், ஷுட், குட், கேன் என்று ஆங்கிலத்தில் வழுக்கும் சொற்களைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ‘மே’ என்றால் அனுமதியா, ஊகமா என்று எதிரில் இருப்பவர் குழம்பிவிடுவாராம். கப்பல் பாறையில் ஏறிய பிறகு இலக்கணம் பேசி என்ன பயன்?

அவர்கள் நம் ‘லாம்’ விகுதியைக் கண்டிருந்தால் முதலில் அதைத்தான் தடை செய்திருப்பார்கள். ‘நாளைக்கு அனுப்பலாம்’ என்றால் அனுப்ப அனுமதி உண்டு என்றும் ஆகும், அனுப்ப முடியும் என்றும் ஆகும், சேர்ந்து அனுப்புவோம் என்றும் ஆகும், பார்ப்போம் என்றும் ஆகும். இப்போது உங்கள் செய்தியைப் பாருங்கள்:

“எல்லோருக்கும் மாலை வணக்கம். நாளை விருந்தினர்கள் திமிங்கிலம் பார்க்கப் போகிறார்கள். படகுக்காரரிடம் பேசியாகிவிட்டது. காற்றும் குறைவு என்கிறார். வெள்ளென வெளிக்கிடுவதால் காலைச் சாப்பாட்டைப் பார்சலாகக் கட்டிக் கொடுக்கலாம். பன்னிரண்டு பேர். நன்றி.”

பின்னால் கைகூப்பும் படம் வேறு. அழகான கடிதம். ஆனால் இது யாருக்கு? ‘எல்லோருக்கும்’ என்றால் ஒருவருக்கும் இல்லை. சமையலறைக்கு வேண்டிய சங்கதி ஐந்தாவது வரியில்தான் வருகிறது, அதுவும் ஒரு யோசனையாக. ‘கொடுக்கலாம்’ என்று நீங்கள் மரியாதைக்காக எழுதினீர்கள். படித்தவர், கொடுப்பதா இல்லையா என்று யாரோ பிறகு தீர்மானிப்பார்கள் என்று விட்டிருப்பார். வெள்ளென என்பது எத்தனை மணி? நீல அடையாளம் விழுந்ததாம். அது அந்தச் செய்தி கைபேசித் திரையில் திறந்ததற்குச் சாட்சி, அவ்வளவுதான்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: “சமையலறைக்கு. வேண்டுகோள். நாளை சனிக்கிழமை விடிய 5.30க்குக் காலைச் சாப்பாட்டுப் பார்சல் 12 வேண்டும், அதில் 4 மரக்கறி. படகு 6 மணிக்கு. யார் கட்டுகிறார்கள் என்று இரவு 9 மணிக்குள் பதில் போடவும்.” வணக்கத்தை நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

நேரத்தைப் பற்றி நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். அதே கப்பல் அலுவலகத்தில், சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பொறியியலாளரிடம் ஒரு திங்கட்கிழமை, “அடுத்த கிழமை வாருங்கள், பத்திரம் ஆயத்தமாக இருக்கும்” என்று சொல்லி அனுப்பினேன். மனிதர் செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கே வந்து வாசலில் நிற்கிறார். நமக்குக் கிழமை என்றால் ஏழு நாள், அவருக்கு ஒரு நாள். பத்திரம் வரும்வரை அவர் தினமும் வந்து என் முன்னால் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் பேசமாட்டார். அன்றிலிருந்து திகதியைப் போடாமல் நான் யாருக்கும் ஒன்றும் சொல்வதில்லை. ‘பின்னேரம்’ என்ற சொல்லையும் விட்டுவிட்டேன். ஒருவருக்கு அது மூன்று மணி, இன்னொருவருக்கு விளக்கு வைக்கிற நேரம்.

அடுத்தது உங்களுக்கு உண்மையிலேயே கடினமாக இருக்கப் போவது. கப்பல்காரர்கள் திருப்பிச் சொல்வார்கள். நம் ஊரில், உங்களைவிட இருபது வயது மூத்த சமையல்காரரிடம் “நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் அகப்பை பறக்கும். பழியை உங்கள் மேல் போட்டுக்கொண்டு கேளுங்கள். “அண்ணா, அவசரத்தில் எண்ணிக்கையைச் சரியாகச் சொன்னேனா தெரியவில்லை, எத்தனை என்று குறித்தீர்கள்?” அவர் ‘பன்னிரண்டு’ என்றால் விஷயம் முடிந்தது. ‘எதற்கு?’ என்று கேட்டால், விடிய ஐந்தரைக்கு நடக்க இருந்தது இரவு எட்டரைக்கே உங்களுக்குத் தெரிந்துவிடும். இன்னும் நல்லது, எட்டு மணிக்குத் தொலைபேசியில் அழைக்காமல் நாலு மணிக்கு, அவர்கள் தேநீர் குடிக்கும் நேரத்தில், நேரில் போவது. வரவேற்பு மேசையிலிருந்து சமையலறை எத்தனை அடி?

முகாமையாளரைப் பற்றி நீங்களே நல்லவர் என்று எழுதிவிட்டீர்கள், நான் அதிகம் சொல்லவில்லை. ஆனால் பிழையைச் சபையில் வைத்துக் கேட்பவருக்கு அடுத்த பிழை தாமதமாகத்தான் தெரியவரும், யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அதை அவருக்கு நான் எழுத முடியாது. நீங்கள் அவரிடம் தனியாக ஒன்றைக் கேட்கலாம்: அதிகாலைச் சாப்பாட்டுக்குச் சமையலறையில் யாரிடம் உறுதி வாங்க வேண்டும்? அதற்கு அவரிடமும் பதில் இல்லாமல் இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

மொழி என்று வந்துவிட்டதால் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தோடு கொஞ்சம் சிங்களமும் படியுங்கள். எண்கள், நாட்கள், ‘ஹெட்ட’ (நாளை) போன்ற நேரச் சொற்கள், ஒரு முப்பது வசனம். முகாமையாளரும் உங்களிடம் அதே அளவு தமிழ் படிக்கட்டும், பட்டணத்தில் கடை வைத்திருக்கும் பலருக்கு மூன்று மொழியும் புழங்குகிறதே. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. அந்த ‘உம்’மைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். எழுதலாம் என்றால் எழுதுவேன் என்று பொருள்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், ஒரு விடயம் அதில் இல்லை. சம்பவம் நடந்து ஒரு மாதம் ஆகிறது. அந்தச் சமையல்காரரிடம் போய், அன்று ‘ஓம்’ என்று எதற்குச் சொன்னீர்கள் என்று கேட்டீர்களா? விடிய நாலரைக்கு வந்து அடுப்பு மூட்ட வேண்டியவர் அவர்தானா, வேறொருவரா? வேறொருவர் என்றால் அவருக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? கேட்டுவிட்டு எழுதுங்கள்.