பழந்துணித் தொழிலுக்கு இன்ஜினீயரிங் எதற்கு?

காரைக்குடியிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். பிளஸ் டூவில் கணிதப் பிரிவு படித்த மகள் டெக்ஸ்டைல் டெக்னாலஜி எடுத்து, பழைய துணியிலிருந்து புதுத்துணி செய்யும் தொழிலுக்குப் போவேன் என்கிறாளாம். "பழந்துணி பொறுக்கவா இன்ஜினீயரிங்?" என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்களாம். சேர்த்துவிடலாமா?

தாராளமாகச் சேர்த்துவிடுங்கள் அம்மா. ஆனால் வேலை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை உங்கள் மகள் முதலில் புரிந்துகொள்ளட்டும். துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும் மெஷின்களும், அந்தப் பஞ்சை நூற்கும் ஓ.இ. (ஓபன் எண்ட், அதாவது சுழலும் ரோட்டரில் நூல் திரிக்கும் முறை) மில்களும் திருப்பூர், பல்லடம், வெள்ளக்கோவில் வட்டாரத்தில் ஏற்கெனவே ஓடுகின்றன. அவற்றுக்குத் தீனி பெரும்பாலும் பனியன் கம்பெனி வெட்டுத்துணிதான். என்ன நூல், என்ன சாயம் என்பது அதில் முன்கூட்டியே தெரியும். வீட்டில் உடுத்திக் கழித்த துணி அப்படி வருவதில்லை. அதைப் பிரித்து, "உள்ளே இருப்பது இதுதான்" என்று எழுதிக்கொடுத்து, மாதாமாதம் அதே தரத்தில் பேல் (அழுத்திக் கட்டிய பொதி) அனுப்ப ஆள் கிடைப்பதுதான் அரிது.

இதைப் படிப்புக்கு முன்பே சோதித்துப் பார்க்கலாம். விடுமுறையில் இரண்டு தையல் கடைகளிலும் வீட்டிலுமாக 20 கிலோ சேர்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பருத்தி, சாயப் பருத்தி, பாலியஸ்டர் கலந்தது, லைக்ரா (இழுபடும் இழை) உள்ளது, தெரியாதது என்று ஐந்து குவியல். லேபிளை நம்பக்கூடாது, பாதித் துணியில் இருக்காது, இருப்பதும் வெளுத்திருக்கும். பாவு நூல் (நீளவாக்கில் ஓடுவது) நாலு, ஊடை நூல் (குறுக்கே ஓடுவது) நாலு தனித்தனியாக உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்த வேண்டும். பாவு பருத்தி, ஊடை பாலியஸ்டர் என்று நெய்த துணியும் உண்டு என்பதால்தான் இந்தத் தனித்தனி. பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு மெத்தென்ற சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுத்த மணியாக இறுகும். ரேயான் நைட்டி இங்கே ஏமாற்றும், அதுவும் பருத்தி போலவே எரியும். நூலை நனைத்து இழுத்தால் ரேயான் பட்டென்று அறும், பருத்தி தாங்கும்.

"தெரியாதது" குவியல் பெரிதாக இருந்தால் கவலை வேண்டாம். அதை மற்றக் குவியல்களில் தள்ளிவிடுவதுதான் தப்பு. லைக்ரா பஞ்சாகப் பிரியாமல் உருளையில் சுற்றிக்கொள்ளும். ஜிப்பும் இரும்புப் பட்டனும் கிழிக்கும் மெஷினில் பொறி கிளப்பித் தீப்பிடிக்க வைக்கும். நிறம் கலந்தால் மறுபடி சாயம் போடும் செலவு மில்லின் தலையில் விழும். நாலு பேலில் ஒன்று இப்படி இருந்தாலும் லோடு முழுக்க விலை குறைப்பார்கள்.

செட்டிநாட்டில் சரக்கு எங்கே கிடைக்கும்? பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரிகள் தெருத்தெருவாக வருகிறார்களே, அவர்களிடமே பாதி வலை தயாராக இருக்கிறது. கானாடுகாத்தான், காரைக்குடி பக்கம் ஹோட்டலாகிவிட்ட பெரிய வீடுகளில் கழிக்கும் வெள்ளை விரிப்பும் துண்டும் ஒரே மாதிரியாகக் கிடைக்கும். பாலியஸ்டர் கலப்பை மட்டும் சோதித்துக்கொள்ள வேண்டும். கண்டாங்கித் தறிகளில் மிஞ்சும் நூல் சுத்தப் பருத்தி, ஆனால் அளவு கொஞ்சம். திருப்பூர் 200 கிலோமீட்டருக்கு மேல். துணி கனமில்லாமல் இடத்தை அடைப்பதால் அழுத்திக் கட்டாமல் அனுப்பினால் லாரி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தோடு கட்டிய பேல் பூஞ்சை பிடிக்கும், எடையிலும் தகராறு வரும்.

கிழித்த பஞ்சின் இழை குட்டை. அதனால் புதுப்பஞ்சோ பாலியஸ்டரோ கலந்து, 10, 20 என்ற தடித்த கவுன்ட்டில்தான் (எண் குறையக் குறைய நூல் தடிமன்) பெரும்பாலும் நூற்பார்கள்; பெட்ஷீட், துண்டு, கையுறைக்குப் போகும். வாங்குபவர் என்ன நெய்யப்போகிறார் என்று கேட்காமல் துணி சேர்ப்பது வீண். சுவீடனில் பருத்திக் கழிவைக் கூழாக்கப் பெரிய ஆலை வைத்த ரீநியூசெல் 2024 பிப்ரவரியில் திவாலானதற்கு, போதிய ஆர்டர் வராததே முக்கியக் காரணம்.

காகித வேலையும் நிறைய உண்டு. மறுசுழற்சிப் பொருளுக்குத் தரும் ஜி.ஆர்.எஸ். (குளோபல் ரீசைக்கிள்ட் ஸ்டாண்டர்டு) முத்திரைக்குப் பொருளில் குறைந்தது 50 சதவீதம் மறுசுழற்சி இழை வேண்டும். ஆலைக் கழிவையும் உடுத்திய துணியையும் தனித்தனிக் கணக்கில் காட்ட வேண்டும். கணக்கில் கெட்டியாக இருக்கும் பெண்ணுக்கு இந்தப் பக்கம் நல்ல இடம்.

பி.டெக். என்றால் அண்ணா பல்கலைக்கழக ஏ.சி.டெக். (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), கோவை பி.எஸ்.ஜி., குமரகுரு. கம்ப்யூட்டர் சயின்ஸ் அளவு கட்ஆஃப் தேவைப்படாது. செலவு யோசனை இருந்தால் சேலம் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் டிப்ளமோ முடித்து, பிறகு நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.டெக். சேர முயலலாம். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, ஓ.இ. நூற்பு மெஷினில் மாணவர்களைக் கைவைத்து ஓட்ட விடுகிறார்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.