வாசகர் கேள்வி பதில்: 1968 ஸ்பெஷல்

கேள்வி: 1968னாலே பாரிஸ் மாணவர் போராட்டத்தை தான் எல்லாரும் பேசுறாங்க. அது அவ்ளோ பெரிய விஷயமா?

பதில்: பெரிய விஷயம் தான், ஆனா மாணவர்களால மட்டும் இல்ல. பாரிஸ் பக்கத்துல நான்டேர் பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்ச தகராறு நகருக்குள்ள இருந்த சோர்போன் பல்கலைக்கழகத்துக்கு வந்து, மே 10 ராத்திரி ரோட்டுக் கல்லை பேத்து தடுப்பு கட்டி போலீசோட மோதினாங்க, அதோட நின்னிருந்தா இன்னைக்கு யாரு பேசப் போறா. போலீஸ் அடிச்ச அடிய பாத்து தொழிற்சங்கங்க உள்ள வந்துச்சு, ரெனோ கார் ஃபேக்டரில இருந்து ரயில் வரைக்கும் கிட்டத்தட்ட 1 கோடி பேர் வேலைய நிறுத்திட்டாங்க, பிரான்ஸ் ஜனாதிபதி டி கால் ஆடிப் போனது அதுக்கு தான். மே 29 அன்னைக்கு பிரதமர்கிட்ட கூட சொல்லாம மனுஷன் ஹெலிகாப்டர் ஏறி ஜெர்மனில இருந்த தன்னோட ராணுவ ஜெனரலை பாக்க கிளம்பிட்டார்! மறுநாள் திரும்பி வந்து ரேடியோல பேசி சபையை கலைச்சார், ஜூன் தேர்தல்ல அவர் ஆளுங்களே அமோகமா ஜெயிச்சாங்க. இவ்ளோ ரகளைக்கு அப்புறம் ஓட்டு எங்க விழுந்துச்சு பாருங்க. என்னை கேட்டா அந்த வருஷத்தோட பெரிய கதை, அப்போ செக்கோஸ்லோவாக்கியா தலைநகரா இருந்த பிராக் தான்.

கேள்வி: பிராக்ல ஜனங்க கம்யூனிசம் வேணாம்னு தானே எழுந்தாங்க?

பதில்: அதான் இல்லைங்க. ஆரம்பிச்சு வச்சதே கம்யூனிஸ்ட் கட்சி தான். ஜனவரில கட்சித் தலைவரா வந்த டூப்செக், மனித முகம் உள்ள சோசலிசம்னு சொல்லி பத்திரிகை தணிக்கையை எடுத்தார், ஜனங்களும் பல வருஷமா அடக்கி வச்சிருந்ததை எல்லாம் எழுதவும் பேசவும் ஆரம்பிச்சிட்டாங்க. மாஸ்கோவுக்கு இது பக்கத்து நாட்டுக்கும் தொத்திக்குமோன்னு பயம். ஆகஸ்ட் 20 ராத்திரி சோவியத், போலந்து, ஹங்கேரி, பல்கேரியா படைங்க உள்ள வந்துச்சு, அதே சோவியத் ராணுவக் கூட்டணில இருந்த ருமேனியா மட்டும் வர மாட்டேன்னுடுச்சு. ஜனங்க துப்பாக்கி எடுக்கல, டேங்க் மேல உக்காந்திருந்த பையன்கிட்ட எதுக்குடா வந்தேன்னு சண்டை போட்டாங்க, ராணுவத்துக்கு வழி தெரியக்கூடாதுன்னு தெருப் பேர் போர்டை எல்லாம் கழட்டிட்டாங்க. டூப்செக்கை மாஸ்கோவுக்கு தூக்கிட்டு போய், சோவியத் சொன்னதுக்கு சம்மதம்னு கையெழுத்து வாங்கினாங்க. 1969 ஜனவரில யான் பலாக்னு 20 வயசு மாணவர் பிராக் நடுத்தெருவுல தீக்குளிச்சார், ஏப்ரல்ல டூப்செக் பதவியும் போச்சு.

கேள்வி: இந்தியா கண்டிச்சுதா?

பதில்: ஐ.நா. பாதுகாப்பு சபைல கண்டனத் தீர்மானம் வந்தப்ப நாம ஓட்டே போடல. (சோவியத் வீட்டோ பண்ணி அது செத்துப் போச்சு, அது வேற.) இந்திரா காந்தி அமைச்சரவைல இருந்த அசோக் மேத்தா இது பொறுக்காம ராஜினாமா பண்ணிட்டார். வெளிநாட்டு விவகாரத்துக்காக பதவிய விட்டவர்! இப்போ யாராவது விடுவாங்களா?

கேள்வி: மார்ட்டின் லூதர் கிங் மெம்பிஸ்ல ஏன் இருந்தார்?

பதில்: குப்பை அள்ளுற தொழிலாளிங்க ஸ்ட்ரைக்குக்கு ஆதரவா வந்தவர். ஏப்ரல் 4 அன்னைக்கு மோட்டல் பால்கனில சுட்டுட்டாங்க.

கேள்வி: மெக்சிகோ ஒலிம்பிக்ஸ்ல கறுப்பு கிளவுஸ் போட்டு கை தூக்கினாங்களே, அது மாதிரி வேற யாராவது எதிர்ப்பு காட்டினாங்களா?

பதில்: 200 மீட்டர் ஓட்டத்துல அமெரிக்க கறுப்பின வீரர்கள் டாமி ஸ்மித் 19.83 செகண்ட்ல தங்கம், ஜான் கார்லோஸ் வெண்கலம், இனவெறிக்கு எதிர்ப்பா ஒரே ஜோடி கிளவுஸை ஆளுக்கு ஒண்ணா போட்டு நின்னாங்க, ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வெள்ளி வாங்கின ஆஸ்திரேலியாக்காரர் பீட்டர் நார்மனும் மனித உரிமை பேட்ஜ் குத்தியிருந்தார். 2006ல அவர் இறந்தப்ப சவப்பெட்டிய சுமந்ததுல அந்த ரெண்டு பேரும் உண்டு. இதுக்கெல்லாம் முன்னாடி, போட்டி தொடங்க 10 நாள் இருக்கும்போது, அதே ஊர்ல டிலாடெலோல்கோ சதுக்கத்துல ராணுவம் மாணவர்களை சுட்டுச்சு, ஆனா போட்டி நிக்கல.

எனக்கு பிடிச்சது வேரா சாஸ்லாவ்ஸ்கா, செக் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. சீர்திருத்தம் வேணும்னு வந்த அறிக்கைல கையெழுத்து போட்டவங்க, படை வந்ததும் மலைப்பக்கம் ஒளிஞ்சு உருளைக்கிழங்கு மூட்டைய தூக்கி பயிற்சி பண்ணினாங்க, மெக்சிகோல 4 தங்கம் வாங்கினாங்க. சோவியத் கீதம் ஒலிச்சப்ப மேடைல நின்னபடியே தலைய குனிஞ்சு அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. கையெழுத்தை வாபஸ் வாங்கச் சொன்னாங்க, மாட்டேன்னாங்க, பல வருஷம் வெளிநாடு போக விடல. 1989ல ஆட்சி கவிழ்ந்த பிறகு ஜனாதிபதி ஹாவெல் அவங்களை ஆலோசகரா வச்சுக்கிட்டார்.