ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பழுது பார்த்த பிறகும் கார் ஸ்டார்ட் ஆகவில்லை: பேட்டரியை மாற்றலாமா?

உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, கார்பன் பிரஷ்ஷும் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) புஷ்ஷும் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) புதிதாகப் போட்டு மாட்டியிருக்கிறார்கள். கடையில் தனியாக வைத்துச் சுழற்றிக் காட்டியபோது மோட்டார் நன்றாக ஓடியிருக்கிறது. காரில் பொருத்திச் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஒரே ஒலியோடு நின்றுவிடுகிறது. பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள். இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்பதே என் பதில். முதலில் பார்க்க வேண்டியவை, பழுது பார்க்கும்போது கழற்றப்பட்டு மீண்டும் முடுக்கப்பட்ட இடங்கள்தான்.

தனியாக வைத்துச் சுழன்றது என்பது போதுமான சான்று அன்று. சுமையில்லாமல் சுழலும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம், இன்ஜினைச் சுற்றும்போது இழுப்பதில் ஒரு சிறு பங்கே ஆகும். சிறிய பெட்ரோல் காரில்கூட இன்ஜினைச் சுற்றும் நேரத்தில் 100 ஆம்பியருக்கு மேல் ஓடுவது வழக்கம். 150 ஆம்பியர் ஓடுவதாக வைத்துக்கொண்டால், வழியில் ஏதோ ஓர் இணைப்பில் 0.02 ஓம் மின்தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். மீதியைக் கொண்டு மோட்டார் இன்ஜினைச் சுற்றத் திணறும். அவ்வளவு சிறிய மின்தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவையில் நம்பிக்கையாகக் காண முடியாது. ஆகவே, மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்ட் அளந்து பார்ப்பதுதான் சரியான வழி.

அதற்கு முன், ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். ‘டக்’ ஒலி வந்தும் வெளிச்சம் குறையவே இல்லை என்றால், மோட்டாருக்குள் பெரிய மின்னோட்டம் போகவில்லை என்று பொருள்: மோட்டாருக்கு மின்னோட்டத்தைத் திறந்துவிடும் மின்காந்த ஸ்விட்சான சொலனாய்டின் செப்புத் தொடர்பு முனைகள் தீய்ந்திருக்கலாம், பிரஷ் சரியாக அமராமல் இருக்கலாம், அல்லது மோட்டாரின் எர்த் (மின்னோட்டம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) விட்டுப்போயிருக்கலாம். வெளிச்சம் அணைவது போல மங்கினால், பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது பேட்டரி முனை இணைப்பு கெட்டிருக்கிறது, அல்லது மோட்டார் இறுகி நிற்கிறது. ‘டகடக’ என்று தொடர்ந்து தட்டினால் பெரும்பாலும் மின்னழுத்தக் குறைவு. சொலனாய்டு இழுத்ததும் மின்னழுத்தம் விழுந்து, பிடிப்பு விட்டு, மறுபடியும் இழுக்கிறது.

இப்போது அளவுக்கு வருவோம். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தண்டின் மீதும் (மேலே கவ்வியிருக்கும் கிளாம்பின் மீது அன்று, தண்டின் மீதே), மற்றொன்றை ஸ்டார்ட்டர் மோட்டாரின் உடலில் பெயின்ட் இல்லாத உலோகத்தின் மீதும் வையுங்கள். சாவி திரும்பிய நிலையில் 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் பக்கம் நன்றாக இருக்கிறது. பிறகு பாசிட்டிவ் தண்டிலிருந்து, பேட்டரியின் தடித்த கேபிள் வந்து சேரும் சொலனாய்டு போல்ட் வரை இதேபோல் அளந்தால் 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சில நொடிகளே திருப்புங்கள். சுழலாமல் நிற்கும் மோட்டார் விரைவில் சூடேறிவிடும்.

எர்த் பக்கத்தை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல கார்களில் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் தனி நெகட்டிவ் ஒயரே கிடையாது; இன்ஜினோடு அல்லது கியர்பாக்ஸ் கூட்டோடு அது ஒட்டி அமரும் முகமும் அதைப் பிடிக்கும் போல்ட்டுகளுமே மின்னோட்டம் திரும்பும் பாதை. எங்கள் வீட்டுப் பழைய பெட்ரோல் காருக்கு இதேபோல் ஸ்டார்ட்டர் வேலை பார்த்த கடையில், மோட்டாரைச் சுத்தம் செய்து அழகாகப் பெயின்ட் அடித்து மாட்டித் தந்தார்கள். அதன் பிறகு வெறும் ‘டக்’ ஒலிதான் வந்தது. பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் வரை அளந்தபோது ஏறத்தாழ ஒன்றும் இல்லை. இன்ஜினிலிருந்து மோட்டார் உடல் வரை அளந்தபோது பல வோல்ட் காட்டியது. ஒட்டும் முகத்திலும் போல்ட் தலை அமரும் இடத்திலும் பெயின்ட் படிந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, பளபளக்கும் உலோகம் தெரிந்த பிறகு மாட்டியதும் இன்ஜின் உடனே சுழன்றது. உங்கள் மோட்டாருக்கும் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைக் கழற்றிவிட்டு முடுக்க மறந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்தப் பட்டை இல்லாதபோது, மின்னோட்டம் ஆக்சிலரேட்டர் கேபிள் போன்ற மெல்லிய வழிகளைத் தேடிப் போய் அவற்றைச் சூடாக்கும். ஆகையால் இது வெறும் ஸ்டார்ட் ஆகாத தொல்லை மட்டும் அன்று, ஆபத்தும்கூட.

இரு பக்கமும் சரி என்றால் சொலனாய்டைச் சந்தேகிக்கலாம். அதற்குள் இரண்டு சுருள்கள் உண்டு. உள்ளே இழுக்கும் சுருள் தன் எர்த்தை மோட்டாரின் பிரஷ் வழியாகவே பெறுகிறது. பிடித்து வைக்கும் சுருளுக்குச் சொலனாய்டின் உடலே எர்த். எனவே புதிய பிரஷ் ஒன்று கூண்டில் சிக்கி, மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரைத் தொடாமல் நின்றால் சொலனாய்டே சரியாக இழுக்காது. சொலனாய்டு இழுத்த நிலையில் பேட்டரி கேபிள் வரும் போல்ட்டுக்கும் மோட்டாருக்குள் செல்லும் போல்ட்டுக்கும் இடையே கிட்டத்தட்ட முழு 12 வோல்ட்டும் காட்டினால், உள்ளே செப்புத் தொடர்பு ஒட்டவில்லை. பிரஷ் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியைத் திறப்பதில்லை. இந்த இரண்டு போல்ட்டுகளையும் ஸ்க்ரூடிரைவரால் இணைத்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தீப்பொறி பறக்கும் என்பதோடு, மோட்டாரின் சிறு பல்சக்கரமான பினியன் இன்ஜினின் பல்சக்கரத்தைக் கடிக்காமல் மோட்டார் மட்டும் சுழலும் என்பதால் அதனால் தெரிய வருவதும் குறைவு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மோட்டார் சுழலும் ஒலி கேட்டும் இன்ஜின் அசையாவிட்டால், பெண்டிக்ஸின் (பினியனைத் தாங்கி இன்ஜினோடு சேர்க்கும் பாகம்) ஒருவழி கிளட்ச் வழுக்குகிறது அல்லது அதைத் தள்ளும் லீவர் சரியாகப் பொருந்தவில்லை. ‘டக்’ ஒலியே வராத நாளில், சாவியிலிருந்து சொலனாய்டுக்கு வரும் மெல்லிய ஒயர் செருகப்பட்டிருக்கிறதா என்பதையும் ஸ்டார்ட்டர் ரிலேயையும் பாருங்கள்.

ஸ்டார்ட்டர் இன்ஜினை நன்றாகச் சுற்றியும் அது ஸ்டார்ட் ஆகாமல் இருப்பது வேறு கதை. அங்கே ஸ்டார்ட்டரைக் குறை சொல்வதில் பயனில்லை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் வேலை செய்திருந்தால், எப்போதும் மின்சாரம் இருக்கும் அந்தப் பெரிய போல்ட்டில் ஸ்பேனர் உரசி ஃபியூஸ் போயிருக்கலாம். கிராங்க் சென்சார் (இன்ஜினின் சுழற்சியை உணரும் கருவி) கியர்பாக்ஸ் கூட்டின் அருகில் இருக்கும் கார்களில் அதன் கனெக்டர் கழன்றிருக்கலாம்.

பேட்டரியைப் பற்றிக் கடைசியாக: முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்கும். ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் அதை எடுத்துச் சென்று லோடு டெஸ்ட் (சுமை கொடுத்துப் பார்க்கும் சோதனை) செய்யச் சொல்லுங்கள். அதில் தோற்றால் மாற்றுங்கள். அந்த அளவுக்கு மேலேயே நின்றால் பணத்தைப் பேட்டரியில் போட வேண்டாம். நீங்கள் அளந்த எண்களை எழுதிக்கொண்டு, வேலை பார்த்த கடைக்கே காரைக் கொண்டுபோய், எங்கே வோல்ட் குறைகிறது என்பதைக் காட்டிச் சரிசெய்யச் சொல்லுங்கள்.