பிரிவினை நாவல்களில் ஏன் ஒரு பாட்டியே கதை சொல்கிறாள்?

1947இல் இந்தியாவும் பாகிஸ்தானும் பிரிந்ததைப் பேசும் கதைகளைப் பிரிவினை இலக்கியம் என்கிறோம். அவற்றில் வயதான ஒரு பெண் தான் விட்டுவந்த வீட்டை நினைத்துப் பேசுவது அடிக்கடி வரும்.

நம் கொங்குப் பக்கம் தோட்டம் பாகம் பிரிவதை நினைத்துப் பாருங்கள். சர்வே எண், தென்னைக் கணக்கு, பொதுக்கிணற்றில் யாருக்கு எந்த நாள் தண்ணி முறை என்பதெல்லாம் பத்திரத்தில் ஏறிவிடும். அப்பத்தா எந்த வேம்பில் தூளி கட்டிப் பிள்ளையை ஆட்டினாள் என்பது ஏறாது. அது அவளிடம்தான் இருக்கும். அவளிடம் யாரும் கையெழுத்தும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நாட்டுப் பிரிவினையும் அப்படித்தான், ஆனால் கொடூரமாக. எல்லையை வரைய பிரிட்டிஷ் அரசு அமர்த்திய வக்கீல் ராட்கிளிஃப் கோடு போட்டது சுமார் ஐந்தே வாரத்தில். எல்லை எங்கே என்று அறிவித்ததோ சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 17 அன்று. ஒரு கோடிக்கும் மேலானோர் ஊர்விட்டுப் போனார்கள். ஆயிரக்கணக்கில் பெண்கள் கடத்தப்பட்டார்கள். அவர்களை மீட்க 1949இல் இந்தியா சட்டமே போட்டது. திரும்பிவர அவளுக்கு இஷ்டமா என்று கேட்க அதில் இடமில்லை! வீட்டிலும் மானம் போகும் என்று வாயை மூடவைத்தார்கள். புருஷன், மாமனார், மாமியார் எல்லாம் போன பிறகுதான் பலருக்கு வாய் திறந்தது. அதற்குள் தலை நரைத்துவிட்டது. எழுதுகிறவர்கள் பாட்டியைப் பிடித்துக்கொள்வதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பேன்.

அப்புறம், இவை எதிர்நாட்டைத் திட்ட எழுதியவை என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல கதைகளில் பாட்டி ஏங்குவதே எல்லைக்கு அந்தப்பக்கம் இருக்கும் பக்கத்துவீட்டுத் தோழிக்காகத்தான்.