பாதிரியாருக்கு எதற்குக் கோட்டை? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வடக்கு இங்கிலாந்தில் ரோமானியர் எழுப்பிய ஹேட்ரியன் சுவர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்த பிறகு ஒரு சனிக்கிழமை கார்பிரிட்ஜ் போனேன். வேலை காரணமாக இப்போது நியூகாசிலில் இருக்கிறேன். ரயிலில் பக்கம்தான். ரோமானிய ஊரின் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு ஊருக்குள் வந்தால், தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் சதுரமாக ஒரு கல் கட்டடம் நிற்கிறது. சின்னச் சின்னத் துளைகள்தான் ஜன்னல்கள். மேலே கோட்டைக் கொத்தளம் போல விளிம்பு. விகார்ஸ் பீல் என்று பெயராம். பங்குப் பாதிரியார் குடியிருந்த வீடு என்றார்கள். இப்போது உள்ளே பியர் விற்கிறார்கள்.

ஒரு பாதிரியாருக்கு எதற்குக் கோட்டை? இவ்வளவு சிறிய கோட்டையை வைத்து எந்தப் படையைத் தடுத்திருக்க முடியும்? பெரிய பிரபுக்களைப் பார்த்துத் தாங்களும் கட்டிக்கொண்ட அந்தஸ்துச் சின்னமா? சுற்றிலும் பசுமை, ஆடுகள், கல் வேலிகள். ஆயிரம் வருடங்களாக அப்படியே அமைதியாக இருந்திருக்கும் ஊர் போலத் தெரிகிறது. அதற்கு நடுவே இந்தக் கட்டடம் பொருந்தவே இல்லை. அதைப் பியர் கடையாக்கியதும் மனதுக்கு ஒப்பவில்லை.

கே.

அன்புள்ள கே.,

அந்த அமைதி பழையது, கோபுரம் நடுவில் வந்தது என்று எடுத்துக்கொண்டதால்தான் உங்களுக்கு அது பொருந்தாமல் தெரிகிறது. வரிசை நேர்மாறானது. வடக்கு இங்கிலாந்தின் மேட்டு நிலங்களில் குன்றேறி இறங்கும் கல் வேலிகளில் பெரும்பாலானவை 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பொது மேய்ச்சல் நிலங்களை வளைத்து அடைத்தபோது எழுந்தவை. நீங்கள் பார்த்த பீல், அதாவது தற்காப்புக் கோபுர வீடு, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அது கட்டப்பட்ட காலத்தில் அந்தப் பக்கம் வாழ்ந்தவர்களுக்கு கார்பிரிட்ஜ் இருக்கும் இன்றைய நார்தம்பர்லாந்து கவுண்டியை, நம் கணக்கில் மாவட்டத்தை, காட்டினால் அடையாளமே தெரிந்திருக்காது.

கார்பிரிட்ஜுக்கு வடக்கே, நடந்தே போகக்கூடிய தூரத்தில் எய்டன் கோட்டை இருக்கிறது. உங்கள் கேள்விகளுக்கான பதிலில் பாதி அந்தச் சுவர்களிலேயே இருக்கிறது. சஃபோக்கைச் சேர்ந்த ராபர்ட் த ரேம்ஸ் என்ற பணக்காரர் 1296 வாக்கில் அங்கே ஒரு வீடு கட்டத் தொடங்கினார். கோட்டை கட்டும் எண்ணம் அவருக்கு இல்லை. நல்ல கூடம், மேல்மாடியில் அறைகள், குளிருக்குக் கணப்பு என்று நிம்மதியாக வாழ நினைத்த ஒருவரின் வீடு அது. ஸ்காட்லாந்து எல்லையில் அதற்கு முன் பல பத்தாண்டுகள் பெரிய போர் இல்லை. ஆனால் அதே 1296இல்தான் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் ஸ்காட்லாந்தின் மேல் படையெடுத்தார். 1305இல் ரேம்ஸ், தன் வீட்டுக்குக் கொத்தளம் வைத்துக்கொள்ள அரசரின் அனுமதியைப் பெற்றார். இங்கிலாந்தில் கோட்டை மதில் எழுப்ப அப்படி ஓர் உரிமம் வாங்குவது வழக்கம். வீட்டைச் சுற்றி மதில் வந்தது. அப்படியும் 1315இல் ஸ்காட்லாந்துப் படையினர் பிடித்து எரித்தார்கள். 1317இல் ஆங்கிலேயக் கலகக்காரர்களே வந்து பிடித்துக்கொண்டார்கள். சொந்த நாட்டுக்காரர்கள். இந்தக் கடைசி விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1314இல் பேனக்பர்ன் போரில் ஆங்கிலேயப் படை தோற்றதும் எல்லைக்குத் தெற்கே காவல் என்பதே இல்லாமல் போனது. ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் த புரூஸின் ஆட்கள் ஆண்டுதோறும் வந்தார்கள். ஊர்கள் பணம் கட்டித் தப்பித்தன, கட்ட முடியாதவை எரிந்தன. அதற்குப் பிறகு முந்நூறு ஆண்டுகள், அரசர்கள் சமாதானம் செய்துகொண்ட வருடங்களிலும்கூட, எல்லையில் சமாதானம் வரவில்லை. படைகள் பழக்கிவிட்டுப் போனதை அங்கிருந்த குடும்பங்களே தொழிலாக எடுத்துக்கொண்டன. ஆம்ஸ்ட்ராங், எலியட், கிரஹாம், சார்ல்டன், ராப்சன், மில்பர்ன், டாட் என்று இன்று அந்தப் பக்கத்துத் தொலைபேசிப் புத்தகத்தில் சாதாரணமாகப் பார்க்கும் பெயர்கள் எல்லாம் அன்று இரவில் குதிரையேறி மாடு ஓட்டப் போன குலங்களின் பெயர்கள். ரீவர்கள் என்று சொல்வார்கள். ஸ்காட்லாந்துக்காரன் இங்கிலாந்துக்குள் வந்தான், இங்கிலாந்துக்காரன் அங்கே போனான். பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருந்த சொந்த நாட்டுக்காரனின் மாட்டையும் ஓட்டினான்.

அதனால்தான் கோபுரம் சிறியது. முற்றுகையைத் தாங்குவதற்காக யாரும் அதைக் கட்டவில்லை. ஓர் இரவைத் தாங்கினால் போதும். வருகிறவர்களிடம் பீரங்கி இல்லை, வாரக்கணக்கில் உட்கார நேரமும் இல்லை. விடிவதற்குள் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டு நிலம் வழியாக வீடு போய்ச் சேர வேண்டும். மாடுகள் கோடை முழுக்க மேய்ந்து கொழுத்திருக்கும், இரவு நீண்டிருக்கும், தரையும் இறுகியிருக்கும் என்பதால் இலையுதிர் காலமும் முன்பனிக்காலமும்தான் அவர்களுக்குப் பருவம். ஓர் இரவு உயிரோடு இருந்துவிட்டால் காலையில் அக்கம்பக்கத்தார் கூடிவிடுவார்கள்.

கட்டடத்தின் ஒவ்வொரு பகுதியும் இந்தக் கணக்கில்தான் வந்தது. தரைத்தளத்தில் மரக்கூரை கிடையாது. கீழே தீ வைத்தால் மேலே பரவக் கூடாது என்று கல்லாலேயே வளைவாக மூடியிருப்பார்கள். சாமான்களும், சில இடங்களில் மாடுகளும் அங்கே. மேலே ஏறச் சுவருக்குள்ளேயே ஒருவர் மட்டும் போகக்கூடிய குறுகலான படி. முதல் மாடியில் குடும்பம். உச்சியில் பார்வைக்கும் எச்சரிக்கைத் தீ மூட்டவும் இடம். சுவர் ஒரு மீட்டருக்குக் குறையாது, சில இடங்களில் இரண்டு மீட்டர்.

வாசலுக்கு மேலே சில வீடுகளில் ஒரு துளை இருக்கும். வழிகாட்டிகள் சிலர் கொதிக்கும் எண்ணெய் ஊற்றுவதற்கு என்று சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சில் ஈடுபாடு இல்லை. ஏழைக் குடியானவன் வீட்டில் ஊற்றுவதற்கு அவ்வளவு எண்ணெய் ஏது? அது தண்ணீர் ஊற்றும் துளை. தாக்க வருகிறவன் முதலில் செய்வது கதவில் தீ வைப்பதுதான். கதவோடு ஈர வைக்கோலைப் போட்டு எரித்துப் புகையால் உள்ளே இருப்பவர்களை வெளியேற்றுவதும் உண்டு. மேலே இருக்கும் பெண்களும் பிள்ளைகளும் அந்தத் துளை வழியாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்திருப்பார்கள். அந்தச் சின்னத் துளையை நினைக்கும்போது எனக்கு இந்தக் கட்டடங்கள் எல்லாமே வேறாகத் தெரிகின்றன.

சரி, பாதிரியார். அவர் ஊரில் கண்ணுக்குத் தெரிந்த ஆள். தசமபாகமாக வந்த தானியமும் ஆட்டுக்குட்டிகளும் அவரிடம் இருக்கும், தேவாலயத்து வெள்ளிப் பாத்திரங்களும் இருக்கும். கொள்ளையடிக்க வருகிறவனுக்குச் சிலுவையைக் கண்டு தயக்கம் எல்லாம் இல்லை. அதனால் கார்பிரிட்ஜில் மட்டுமில்லை, எல்ஸ்டன், எம்பிள்டன், ராத்பரிக்குப் பக்கத்தில் விட்டன், ஆல்னம் என்று நார்தம்பர்லாந்து முழுக்கப் பாதிரியார்களுக்குக் கோபுரங்கள் இருந்தன. கார்பிரிட்ஜ் கோபுரத்தின் கற்கள் நீங்கள் காலையில் பார்த்த அதே ரோமானிய ஊரிலிருந்து எடுத்து வந்தவை. பக்கத்தில் இருக்கும் தேவாலயத்துக்குள் போனீர்களா என்று தெரியவில்லை. தேவாலயத்தின் சொந்தக் கோபுரத்துக்கும் மக்கள் அமரும் கூடத்துக்கும் இடையே நிற்கும் உயரமான வளைவு அப்படியே ஒரு ரோமானிய வாசல். போகவில்லை என்றால் இன்னொரு முறை போய்ப் பாருங்கள்.

1415இல் ஐந்தாம் ஹென்றி பிரான்ஸ் மேல் படையெடுத்துப் போன வருடம், நார்தம்பர்லாந்தில் என்னென்ன கோட்டைகளும் கோபுரங்களும் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுத்தார்கள். ஒரே ஒரு கவுண்டியில் நூற்றுக்கும் மேல். அந்தஸ்து ஆசை கொஞ்சம் இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. கம்ப்ரியாவில் இருக்கும் சைசர்க் போன்ற பெரிய வீடுகளின் கோபுரங்களில் அது தெரியவும் செய்கிறது. ஆனால் இங்கிலாந்தின் தென்பகுதியில் அதே காலத்துப் பணக்காரர்கள் அகலமான ஜன்னல் வைத்து வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வடக்கே ஒரு மேய்ப்பர் குடும்பம்கூட ஜன்னலைத் துளையாகச் சுருக்கியது என்றால் அது பயம்தான்.

மேய்ப்பர் குடும்பம் என்று சொன்னது பாஸில் வீடுகளை வைத்து. கோபுரம் கட்ட வசதி இல்லாத, ஆனால் கொஞ்சம் நிலமும் மாடும் உள்ள குடியானவர்கள் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து கட்டிக்கொண்டவை இவை. இரண்டே தளம். கீழே மாடு, மேலே மனிதர்கள். ஆரம்பத்தில் வெளியே படிக்கட்டுகூட இருக்காது. ஏணியில் ஏறி, அதை மேலே இழுத்துக்கொள்வார்கள். எல்லைக்குத் தெற்கே சுமார் இருபது மைல் அகலத்துக்குள்தான் இவை நெருக்கமாக இருக்கின்றன. அதைத் தாண்டிவிட்டால் அநேகமாக இல்லை. பயம் எவ்வளவு தூரம் எட்டியது என்பதை இந்த வீடுகளை வைத்தே வரைபடத்தில் கோடு போட்டுவிடலாம். இதற்கும் கீழே இருந்தவர்களுக்கு மண்கட்டியும் தழையும் வைத்துக் கட்டிய குடிசைதான். எரித்துவிட்டுப் போனால் சில நாட்களில் திரும்பக் கட்டுவார்கள். அவர்களின் வீடு ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. எல்லைப்புறத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர்களை விட்டுவிடுகிறோம் என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு.

ஆநிரை கவர்வதும் மீட்பதும் என்றவுடன் புறத்திணை படித்த உங்களுக்கு வெட்சியும் கரந்தையும் நினைவுக்கு வரும். எல்லையிலும் மீட்கப் போவதற்கு முறை இருந்தது, ஆனால் அது சட்டமாகவே எழுதப்பட்டிருந்தது. மாட்டைப் பறிகொடுத்தவன் ஆறு நாட்களுக்குள் எல்லையைத் தாண்டியும் துரத்திப் போகலாம். மோப்ப நாயோடும் ஊதுகொம்போடும், ஈட்டி முனையில் எரியும் கரிமண்கட்டியைச் செருகிக்கொண்டு வெளிப்படையாகப் போக வேண்டும். நானும் ரகசியமாகக் கொள்ளையடிக்கப் போகவில்லை என்பதற்கு அந்த நெருப்பு சாட்சி. வழியில் இருப்பவர்கள் அவனோடு சேர்ந்துகொள்ள வேண்டும், தடுப்பவன் குற்றவாளி. ஹாட் ட்ராட் என்று இதற்குப் பெயர். எல்லை முழுவதையும் இரு பக்கமும் மூன்று மூன்றாக ஆறு மார்ச்களாக, அதாவது எல்லைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்டன், அரசரின் காவல் அதிகாரி, இருந்தார். இரு நாட்டு வார்டன்களும் குறிப்பிட்ட நாட்களில் சந்தித்து வழக்குகளைத் தீர்ப்பார்கள். 1575இல் ரீட்ஸ்வயர் கணவாயில் அப்படி ஒரு சமாதான நாளிலேயே வாய்ச்சண்டை முற்றி அம்பு பறந்தது.

இது எல்லாம் முடிந்தது ஒரு மரணத்தால். 1603 மார்ச்சில் முதலாம் எலிசபெத் இறந்ததும், அந்தச் செய்தியை ஸ்காட்லாந்து அரசர் ஜேம்ஸிடம் கொண்டுபோக லண்டனிலிருந்து எடின்பர்க் வரை மூன்றே நாட்களில் குதிரையில் பாய்ந்தவர் ராபர்ட் கேரி. அவர் அப்போது இங்கிலாந்துப் பக்கத்தில் நடு மார்ச் என்ற எல்லைப் பகுதியின் வார்டன். இரண்டு நாட்டுக்கும் ஒரே அரசர் என்றானதும் எல்லை என்ற ஒன்றுக்கு அர்த்தம் போய்விட்டது. ஜேம்ஸ் மென்மையாக நடந்துகொள்ளவில்லை. தூக்குமரங்கள் நிறைந்தன. கிரஹாம் குலத்தில் பலரைக் கூட்டமாக அயர்லாந்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். இன்றைய அமைதிக்கு அந்த விலையும் கொடுக்கப்பட்டது.

அப்புறம் கோபுரங்கள் மெல்ல வேறு வாழ்க்கைக்குப் போயின. எய்டன் பண்ணை வீடானது. ப்ரெஸ்டன் கோபுரத்தில் பாதியை இடித்து அந்தக் கல்லைப் பண்ணைக் கட்டடங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். கம்ப்ரியாவில் லெவன்ஸ் ஹால் போன்ற இடங்களில் கோபுரத்தைச் சுற்றியே வீடு வளர்ந்து, வெளியே செதுக்கிய செடிகளின் தோட்டம் வந்துவிட்டது. மாடு ஓட்டிய பாதைகளில் ஆடுகள் வந்தன, அதற்கும் பிறகு கல் வேலிகள். 1926இலிருந்து வடக்கு டைன் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் கீல்டர் காட்டை நட்டார்கள். ரீவர்கள் திறந்தவெளியில் குதிரை ஓட்டிய நிலத்தில் இன்று ஊசியிலை மரங்கள் நிற்கின்றன. பார்ப்பவர்கள் அதையும் ஆதிகாலத்துக் காடு என்றுதான் நினைக்கிறார்கள்.

பியர் கடை விஷயத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை. அந்தக் கோபுரம் யாரும் நுழையக் கூடாது என்பதற்காகக் கட்டப்பட்டது. பல காலம் சும்மா பூட்டிக் கிடந்தது. இப்போது யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்கார்ந்து அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கலாம். ஆள் புழங்கும் கட்டடத்தில் ஒழுகினால் உடனே தெரியும், உடனே சரிசெய்வார்கள். ஆள் இல்லாத ஆர்ன்சைட் கோபுரம் எப்படிச் சிதைந்து நிற்கிறது என்று படத்திலாவது பாருங்கள்.

அடுத்த விடுமுறையில் ஆனிக் மாதிரிப் பெரிய கோட்டைகளுக்குப் போகாதீர்கள், அவை எங்கேயும் போய்விடாது. எல்ஸ்டனுக்குப் போங்கள். அங்கே கோபுரம் தனியார் வீடு, வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். ஆனால் ஊர் நடுவில் இருக்கும் பெரிய புல்வெளியில் நின்று பாருங்கள், கொள்ளை என்று கேட்டதும் மாடுகளை எல்லாம் ஓட்டிவந்து அடைத்த இடம் என்று சொல்வார்கள். அங்கிருந்து பெல்லிங்கம் வழியாக டார்செட் பள்ளத்தாக்கில் பிளாக் மிடன்ஸ் பாஸில் வீட்டுக்குப் போகலாம். பழைய கட்டடங்களைப் பேணும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது, கட்டணம் கிடையாது. கூரை இல்லாத நான்கு சுவர்கள்தான். கீழ்த்தளத்துக் கதவையும் மேல்மாடிக் கதவையும் பாருங்கள், மாட்டுக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று. வழியெல்லாம் சதசதவென்று இருக்கும், நல்ல பூட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள். மழைக்கோட்டு மறக்க வேண்டாம். போய்வந்து எழுதுங்கள்.