அடித்தல் திருத்தல்

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். அரசியலமைப்புச் சட்டத்தின் உறுப்புகளை எண்ணோடு மனப்பாடம் செய்தாலும் ஒரு சந்தேகம் தீரவில்லை. 106 திருத்தங்கள் வந்துவிட்டன. ஆள்பவர்களே மாற்றிக்கொள்ளலாம் என்றால் அது அவர்களை எப்படிக் கட்டுப்படுத்தும்? இவ்வளவு அடித்தல் திருத்தல் உள்ள பத்திரத்தைச் சார்பதிவாளர்கூட வாங்கமாட்டாரே!

ச.

அன்புள்ள ச.,

சார்பதிவாளர் வாங்குவார். ஆனால் ஒவ்வொரு அடித்தலுக்கும் பக்கத்தில் கையெழுத்து கேட்பார். விஷயமே அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது.

ஹெல்மெட் போடு, வரி கட்டு என்று மற்றச் சட்டங்கள் நம்மைப் பார்த்துப் பேசுகின்றன. அரசியலமைப்புச் சட்டம் பெரும்பாலும் அரசாங்கத்தைப் பார்த்துப் பேசுகிறது. அந்தப் பேச்சு எடுபடுமா என்பது நம் சென்னையில் தொடக்கத்திலேயே சோதிக்கப்பட்டது.

சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை இருந்தது. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் 14 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்றைய சொல்லில் ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. 1950 ஜனவரியில் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் செண்பகம் துரைராஜன் என்ற பெண், இந்த ஆணையால் தனக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காது என்று உயர் நீதிமன்றம் போனார். அவர் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது வேறு கதை. மனுதாரர் தரப்பில் வாதாட வந்தவர் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர். சட்டத்தை எழுதிய வரைவுக் குழுவிலேயே இருந்தவர்! உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது: மதம், சாதி காரணமாகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது உறுப்பு 29(2), ஆகவே ஆணை செல்லாது.

எனக்கு அந்தத் தீர்ப்பு உவப்பானதல்ல. வகுப்புவாரி உரிமை வேண்டும் என்ற கட்சி நான். ஆனால் நடந்ததைப் பாருங்கள். கையில் அதிகாரம், போலீஸ், சட்டசபை எல்லாம் இருந்தும் மாகாண அரசால் ஒரு மனுவைத் தாண்ட முடியவில்லை. பழைய ஆணையையே புது எண் போட்டு வெளியிடவும் வழியில்லை. பெரியார் போராட்டத்தில் இறங்கினார், மாகாணம் கொந்தளித்தது. கடைசியில் டெல்லியில், நாடாளுமன்றத்தில், எல்லோரும் பார்க்க விவாதம் நடத்தி, 1951 ஜூனில் முதல் திருத்தம் கொண்டுவந்தார்கள். எழுதிய சபையே ஒன்றரை ஆண்டுக்குள் திருத்த வேண்டியதாயிற்று. (சும்மா விடவில்லை, பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளையும் அதே திருத்தத்தில் கூட்டிக்கொண்டார்கள். அது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.)

சரி, நினைத்தால் மாற்றலாமா? சாதாரணச் சட்டம் மாதிரி முடியாது. இரண்டு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும். வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். மாநிலங்களின் அதிகாரத்தைத் தொடும் சில உறுப்புகளுக்குப் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். இதையும் தாண்டி ஒரு வேலி உண்டு. 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில், எதை வேண்டுமானாலும் திருத்து, ஆனால் அடிப்படைக் கட்டமைப்பில் கை வைக்காதே என்றது உச்ச நீதிமன்றம். 13 நீதிபதிகளில் 7 பேர் இந்த வேலி வேண்டும் என்ற பக்கம், 6 பேர் எதிர்ப்பக்கம். ஒரே ஒரு ஆள் வித்தியாசம்!

அந்த முதல் திருத்தத்தில் சேர்ந்ததுதான் நீங்கள் மனப்பாடம் செய்யும் 15(4). அதை இன்னொரு முறை திறந்து பாருங்கள். பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்பதைச் சொல்வதற்கு முன்னால், ‘இந்த உறுப்பிலோ 29(2)-இலோ உள்ள எதுவும் அதைத் தடுக்காது’ என்று தொடங்கும். கல்வி உரிமையைப் பேசும் 29(2)-க்கு அங்கே என்ன வேலை என்று யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். அதுதான் செண்பகம் வழக்கின் தழும்பு.