இரண்டு வார லீவில் பழங்குடிக் கிராமங்களுக்கு மருத்துவத் தொண்டு செய்யப் போனால் உண்மையில் பயன் இருக்குமா?

தனியார் மருத்துவமனையில் வேலை, வருடத்துக்கு இரண்டு வாரம் லீவு கிடைக்கும், மத்திய இந்தியாவின் காட்டுப் பகுதிகளுக்குப் போய் ஏதாவது செய்ய ஆசை, ஆனால் அது அந்த மக்களுக்கு உதவுமா அல்லது என் மனத்திருப்திக்கு மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். ஆனால் எங்கே, யாரிடம் போகிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை, லேப் டெக்னீஷியன். சேலத்தில் 18 வருடமாக இதே வேலை. 2014இல் முதல் தடவையாக சத்தீஸ்கரின் பஸ்தர் பக்கம் போனேன். கொரோனா சமயத்தில் இரண்டு வருடம் விட்டுப்போனது, மற்றபடி ஒவ்வொரு மழைக்காலமும் போய்க்கொண்டிருக்கிறேன்.

முதல் தடவை போனது ஒரு முகாம் குழுவோடு. பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள்தான். மூன்று நாளில் மூன்று கிராமம். பள்ளிக்கூட வராந்தாவில் மேஜை போட்டு ஒரே நாளில் இருநூறு பேருக்கு மேல் பார்த்தோம். பிரஷர் அதிகமாக இருந்த வயதானவர்களுக்குப் பத்து நாள் மாத்திரை கொடுத்தார்கள். பதினோராவது நாள் அவர்கள் என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

என் வேலை ஹீமோகுளோபின் பார்ப்பது, மலேரியா கிட் போடுவது, அப்புறம் சிக்கிள் செல் நோய்க்கான (சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகிற பரம்பரை ரத்த நோய்) சாலுபிலிட்டி டெஸ்ட். கரைசலில் கொஞ்சம் ரத்தம் விட்டுச் சில நிமிடம் கழித்து, குழாயைக் கோடு போட்ட தாளுக்கு முன்னால் பிடிக்க வேண்டும். கோடு தெரிந்தால் கவலை இல்லை. கலங்கிப்போய்க் கோடு மறைந்தால் சிக்கிள் ஹீமோகுளோபின் இருக்கிறது என்று அர்த்தம். அது நோயா, அல்லது அம்மா அப்பாவில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்து உடம்பைத் தொந்தரவு செய்யாமல் இருக்கிற வகையா என்பது இதில் தெரியாது, அதற்கு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டுகிற எலக்ட்ரோபோரசிஸ் டெஸ்ட் செய்ய வேண்டும். அன்றைக்கு ஒன்பது பேருக்குக் கலங்கியது. அதில் ஒரு பையனுக்கு ஏழு வயது இருக்கும். கை கால் வலியில் ராத்திரியெல்லாம் அழுவான் என்று அவன் அம்மா கோண்டியில் (அங்கே பேசுகிற பழங்குடி மொழி) சொன்னதை, ஒருவர் இந்திக்கு மாற்ற, இன்னொருவர் எனக்கு இங்கிலீஷில் சொன்னார். ஒன்பது பெயரையும் ஒரு தாளில் எழுதிக் குழுவிடம் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன்.

மறுவருடம் அந்தக் குழுவோடு போகவில்லை. அதே பகுதியில் வருடம் முழுக்க நடக்கிற ஒரு சின்ன சுகாதார மையத்துக்கு எழுதிக் கேட்டுப் போனேன். அங்கே வந்த மிதானின் (ஊர் சுகாதாரப் பணியாளர்) ஒருவரிடம் அந்தப் பையனைப் பற்றி விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது: ஒன்பது வீட்டில் ஒருவருக்குக்கூட யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்தத் தாள் யாரிடம் போனது என்றே தெரியவில்லை. ஒரு வருடம் முழுக்க அந்தக் குழந்தை வலியோடு இருந்திருக்கிறான். ஹைட்ராக்ஸியூரியா என்று ஒரு மாத்திரை இருக்கிறது, தினமும் சாப்பிட்டால் இந்த வலி வருவது குறையும். டெஸ்ட் செய்ததால் அவனுக்குக் கிடைத்தது விரலில் ஒரு குத்து மட்டும்தான். அதை நினைத்தால் இப்போதும் தாங்க முடியவில்லை.

மிதானின் என்றால் நம் ஊருக்குத் தெரியாது. சத்தீஸ்கரில் சாதி, குடும்பம் தாண்டி இரண்டு பேர் சடங்கு செய்து வாழ்நாள் நண்பர்களாகிற பழைய வழக்கம் உண்டு, அதிலிருந்து எடுத்த பெயர் இது. ஊர்க்காரர்களே தேர்ந்தெடுக்கும் பெண் சுகாதாரப் பணியாளர்கள், 2002இல் தொடங்கிய திட்டம், தேசிய அளவில் ஆஷா பணியாளர்கள் வருவதற்கு முன்பே. நான் சொன்ன அந்த அக்கா (அங்கே தீதி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், என்னை பையா, அதாவது அண்ணன் என்பார்கள்) என் நோட்டிலிருந்த ஒன்பது பெயரையும் கேட்டு வாங்கிக்கொண்டு, மழையில் இரண்டு நாள் நடந்து எல்லா வீட்டுக்கும் போய்விட்டு வந்தார். ஆறு பேரை வாரச் சந்தை நாளில் மையத்துக்குக் கூட்டி வந்தார். அங்கே சந்தைக்கு எல்லோரும் வருவார்கள், அதனால் மருந்து வாங்க வேண்டியவர்களுக்கும் அதே நாள்தான். 2019இல் அரசே சந்தைகளில் கிளினிக் நடத்த ஆரம்பித்தது. அந்தப் பையன் இன்றைக்கும் சந்தைக்கு வந்துதான் மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறான்.

மலேரியாவிலும் இதே கதைதான். பஸ்தரில் அதிகம் ஃபால்சிபாரம் என்கிற மலேரியா வகை, மூளைக்குப் போய் ஆளைக் கொல்லக்கூடியது. கிட்டில் கோடு வந்தால் மலேரியா இருக்கிறது என்று அர்த்தம், மூன்று நாள் கூட்டு மருந்து, வயதுக்கு ஒரு நிறத்தில் பாக்கெட், ஒன்றிலிருந்து நாலு வயதுக் குழந்தைக்கு மஞ்சள், பெரியவர்களுக்கு வெள்ளை. நிறம் பார்த்து எடுத்துக் கொடுக்க மிதானினுக்கு டாக்டர் தேவையில்லை. ஆனால் வெளியூர் குழுக்கள் தடுமாறுகிற ஒரு இடம் இருக்கிறது. அந்தக் கிட் பார்ப்பது ஒட்டுண்ணி விடுகிற ஒரு புரதத்தை. ஒட்டுண்ணி செத்த பிறகும் அந்தப் புரதம் சில வாரம் ரத்தத்தில் இருக்கும். போன வாரம் முழு மருந்தும் சாப்பிட்டு முடித்த குழந்தைக்கு இந்த வாரமும் கோடு வரும். குழந்தைக்கு இப்போது இருக்கிற காய்ச்சல் நிமோனியாவாக இருக்கலாம். கோட்டைப் பார்த்துவிட்டு மறுபடி மலேரியா மாத்திரை கொடுத்து அனுப்பினால் அது ஆபத்து. இதைத் தீர்க்க இரண்டு பேர் வேண்டும்: போன வாரம் மாத்திரை கொடுத்தது ஞாபகம் இருக்கிற ஒருவர், ஸ்லைடு (கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தம்) வைத்து மைக்ராஸ்கோப்பில் ஒட்டுண்ணியைப் பார்க்கத் தெரிந்த ஒருவர். முதல் ஆள் நீங்களாகவோ நானாகவோ இருக்கவே முடியாது.

பக்கத்திலேயே, மாநில எல்லை தாண்டினால் மகாராஷ்டிராவின் கட்சிரோலி. அங்கே அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி 1980களிலிருந்து வேலை செய்கிறார்கள். பிறந்த குழந்தைகள் நிறைய இறந்துகொண்டிருந்த 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய் எடை பார்க்க, கதகதப்பாகச் சுற்றி வைக்க, மூச்சை எண்ண, தொற்று என்றால் ஊசி போடக்கூட வைத்தார்கள். மூன்று வருடத்தில், ஒரு மாதம் ஆவதற்குள் இறக்கிற குழந்தைகளின் எண்ணிக்கை 62 சதவீதம் குறைந்தது. 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, 2011இல் ஆஷாக்கள் வீட்டுக்கே போய்ப் பச்சிளங்குழந்தையைப் பார்ப்பது அரசுத் திட்டமாகவே ஆனது. இதைச் செய்தது பள்ளிப்படிப்பு மட்டுமே உள்ள, அந்த ஊரிலேயே இருக்கிற பெண்கள்.

அப்படியென்றால் நாம் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. பதில் அந்த மையத்தின் டெக்னீஷியனிடமிருந்து கிடைத்தது. அவர் ஒருவர்தான் அங்கே ஸ்லைடு பார்ப்பவர். மலேரியா சீசனில் அவர் நகர முடியாது, நகர்ந்தால் லேப் மூட வேண்டும். அவருக்குச் சொந்த ஊர் பிலாஸ்பூர் பக்கம், இரண்டு குழந்தைகள், ஒன்றரை வருடமாக ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்ததில்லை. நான் வந்த நாலாவது நாள் தயங்கித் தயங்கி, பையா, நீங்கள் இருக்கிற வரைக்கும் நான் வீட்டுக்குப் போய்விட்டு வரட்டுமா என்று கேட்டார். போய் வாருங்கள் என்றேன். அதிலிருந்து வருடாவருடம் நான் அங்கே இருக்கிற மூன்று வாரம் என்பது அவருடைய லீவுதான். அவர் போவார், நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஜேஎஸ்பி ஸ்டெயின் (ஒட்டுண்ணி தெரிவதற்கான சாயம்) போட்டு ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது ஸ்லைடு பார்ப்பேன், கரண்ட் போனால் மைக்ராஸ்கோப்பை ஜன்னல் பக்கம் திருப்பி வெயிலில் பார்ப்பேன், மதியம் எல்லோரோடும் மண்டியா பேஜ் குடிப்பேன் (நம்ம ராகிக் கூழ்தான்). நான் செய்ததிலேயே உருப்படியான தொண்டு இதுதான் என்று மனதார நம்புகிறேன். இப்படிப்பட்ட இடங்களில் நல்ல ஆட்கள் வேலையை விடுவது பெரும்பாலும் ஓய்வே கிடைக்காததால்தான், மனசு மாறியதால் இல்லை.

அதனால் போவதற்கு முன்னால் அங்கே இருப்பவர்களிடம் நேராகக் கேளுங்கள்: நான் போன பிறகு இந்த நோயாளியை யார் பார்ப்பார்கள், என் வேலையை இப்போது யார் செய்கிறார்கள், அவருக்கு எப்போது லீவு வேண்டும்? முதல் கேள்விக்கே பதில் இல்லையென்றால் அங்கே போக வேண்டாம். வீட்டில் மிச்சமான மாத்திரைகளை மூட்டை கட்டிக்கொண்டும் போகாதீர்கள், அவற்றைத் தரம் பிரிக்கவே அவர்களுக்கு ஒரு நாள் ஆகும். ரயில் செலவு, சாப்பாட்டுச் செலவு உங்களுடையதாக இருக்கட்டும். நான் விசாகப்பட்டினம் போய், அங்கிருந்து அரக்கு வழியாகக் கிரண்டுல் போகிற வண்டியில் ஜக்தல்பூரில் இறங்குவேன்.

இந்தி தெரியாது என்றால் முதல் வருடம் இங்கேயே, தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில் ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதி 1993இல் ஆரம்பித்த மருத்துவமனையைப் போய்ப் பார்க்கலாம். அங்கே மலைவாழ் பெண்களே பயிற்சி பெற்று நர்ஸாக வேலை செய்கிறார்கள், எல்லாம் தமிழில்.

எந்தப் பிரிவில் வேலை என்று நீங்கள் எழுதவில்லை. நர்ஸ் என்றால் இரவு ட்யூட்டி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள், அதை விட்டுக்கொடுக்க அங்கே எல்லோரும் தயாராக இருப்பார்கள். பயோமெடிக்கல் ஆள் (மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பவர்) என்றால் இன்றைக்கே எழுதுங்கள். மழை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்த மைக்ராஸ்கோப் ஒன்றும், ஃபில்டர் அடைத்த ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இரண்டும் போன செப்டம்பரிலிருந்து அந்த மையத்தின் ஸ்டோர் ரூமில் கிடக்கின்றன.